காற்புள்ளியில் வெட்டினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜாவா நிரல்மொழியில், தரவுப் புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பைப் படிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரை எளிமையாகவே இருந்தது. ஆனால், கோப்பை வரிவரியாக எடுத்து, ஒவ்வொரு வரியையும், எழுத்துச்சரத்தைத் துண்டாக்கும் 'ஸ்பிளிட்' கட்டளை கொண்டு காற்புள்ளியில் பிரித்தால் வேலை முடிந்தது என்று அது கூறுவதை ஏற்க இயலவில்லை.

"மேசை, சிறியது",7 என்றொரு வரி வருவதாகக் கொள்வோம். இதில் உள்ளவை இரண்டே புலங்கள். மேற்கோள்குறிக்குள் இருக்கும் காற்புள்ளி தரவைச் சேர்ந்ததே தவிர, பிரிப்பான் அன்று. ஸ்பிளிட் அதை அறியாமல் மூன்று துண்டுகளாக்கி, எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியது' என்ற சொல்லைக் கொண்டுவந்து வைக்கும். அதை எண்ணாக மாற்ற முயலும்போது நிரல் பிழை காட்டி நின்றுவிட்டால் நம் நல்ல காலம். அந்தப் புலமும் வெறும் எழுத்துச்சரமாக இருந்துவிட்டால், தவறு ஓசையின்றித் தரவுத்தளம் வரை போய்விடும். வரியின் கடைசியில் வெறுமையாக உள்ள புலங்களையோ, தனியே எல்லை குறிப்பிடாத வரை, ஸ்பிளிட் சொல்லாமலே கழித்துவிடுகிறது. மேலும், சிஎஸ்வி வடிவத்தை விவரித்து 2005ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 4180 ஆவணத்தின்படி மேற்கோளுக்குள் புதுவரியும் வரலாம் என்பதால், வரிவரியாகப் படிப்பது என்ற முதல் படியே ஆட்டம் கண்டுவிடுகிறது.

இந்த விதிகளையெல்லாம் ஏற்கெனவே கையாளும் அப்பாச்சி காமன்ஸ் சிஎஸ்வி போன்ற ஆயத்த நிரலகம் (லைப்ரரி) இருக்க, மாணவரின் உழைப்பு செல்ல வேண்டிய இடம் வேறு. பிரித்தெடுத்த புலங்களை எழுத்துச்சர அணியாகவே நிரல் முழுவதும் சுமந்து திரியாமல், பெயரும் எண்ணிக்கையும் கொண்ட ஒரு வகுப்பை (கிளாஸ்) எழுதி, அதன் பொருளை உருவாக்கும் கட்டுநரிலேயே (கன்ஸ்ட்ரக்டர்) எண்ணிக்கை எதிர்மறையா, பெயர் வெறுமையா என்று சோதித்துவிட்டால், பழுதான பதிவு வாசலிலேயே தடுக்கப்படும். பொருள்நோக்கு மொழியைக் கற்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது; கட்டுரையில் ஒரு வகுப்புகூட இல்லாதது வியப்பளிக்கிறது.

எழுத்துகளைக் கணினி எந்த முறையில் சேமிக்கிறது என்னும் எழுத்துக் குறியேற்றத்தைக் குறிப்பிடாமல் விட்டதும் குறையே. 2022இல் வந்த ஜாவா 18 முதல்தான், தமிழையும் கையாளும் யுடிஎஃப்-8 குறியேற்றம் இயல்பிருப்பானது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இயங்குதளத்தைப் பொறுத்துத் தமிழ் எழுத்துகள் சிதையக்கூடும்.

இத்தொடரில் அடுத்து, குறிச்சொற்களால் தரவை அமைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு வரவிருப்பதால், கோப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றும் டாம் முறையோடு, பகுதி பகுதியாகப் படிப்பதால் பெரிய கோப்புகளுக்கு உகந்த ஸ்டாக்ஸ் முறையையும், வெளியாரிடமிருந்து வரும் கோப்புகளைத் திறக்குமுன், வேறு கோப்புகளை உள்ளே இழுத்துவரக்கூடிய புற உருபொருள்களை முடக்கிவைக்கும் அமைப்பையும் கட்டுரையாளர் விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நிரலாளர் ஒருவர்