மார்கழிக் கச்சேரிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு தோழிகளோடு சென்னைக்குக் கச்சேரி கேட்கப் போகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். உங்களில் இரண்டு பேர் இதுவரை கச்சேரியில் உட்கார்ந்ததே இல்லை என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வெள்ளி இரவு பெங்களூரில் ஏறினால் விடியுமுன் சென்ட்ரலில் இறக்கிவிடும் சென்னை மெயில்தான் உங்களுக்குச் சரி. முன்பதிவு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். வெள்ளி, ஞாயிறு இரவுகளுக்குப் போட்டி அதிகம். ஆதார் இணைத்த கணக்கில் நால்வருக்கும் ஒரே டிக்கெட்டாக எடு. தட்கலை நம்பி இருக்காதே. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஏ.ஜி.-டி.எம்.எஸ். இறங்கி ஆட்டோ பிடித்தால் மியூசிக் அகாடமி பக்கம்தான். அறையை ராயப்பேட்டை, மயிலாப்பூர் பக்கமே பார்.

கச்சேரி நடத்தும் சபாக்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பட்டியலில் பிடித்த பெயர்களையெல்லாம் வட்டம் போட்டு, தி.நகர் வாணி மகாலில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று, மறுபடி கிருஷ்ண கான சபாவில் ஒன்று என்று ஓடினால் பாதி நாள் ஆட்டோவிலேயே போய்விடும். மயிலாப்பூரில் மெட்ரோ வேலைக்காகச் சாலைகளை வேறு திருப்பி விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமையை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைக்கு வை. அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருக்கின்றன, நடந்தே போகலாம். பாரதிய வித்யா பவன் கிழக்கு மாட வீதியில். தி.நகரை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு முழுக் கச்சேரி போதும். மூன்றாவதில் காது உள்வாங்காது.

அந்த இரண்டில் ஒன்று மதியக் கச்சேரியாக இருக்கட்டும். பல சபாக்களில் அதற்கு டிக்கெட் கிடையாது. பாடுபவர்கள் இளையவர்கள். நேரம் குறைவு என்பதால் வளர்த்தாமல், தயார் செய்ததை மொத்தமாகக் கொட்டிவிடுவார்கள். கூட்டமும் இருக்காது, வேண்டிய இடத்தில் உட்காரலாம். புதிதாகக் கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அகாடமியில் காலையில் நடக்கும் விளக்க உரைகளும் இலவசம்தான். 1927 மதராஸ் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டிலிருந்து பிறந்த சபை அது. ஆராய்ச்சியும் விவாதமும் அன்றிலிருந்தே அதன் வேலை. மாலைக் கச்சேரிக்கு அகாடமி டிக்கெட் எப்போது, எங்கே தருகிறார்கள் என்பதை முன்கூட்டியே அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடு.

உட்காரும் இடம் முக்கியம். முதல் வரிசையின் ஓரத்தில் ஸ்பீக்கர் நேரே காதில் விழும், மிருதங்கம் வயலினை விழுங்கிவிடும். பால்கனிக்கு அடியில் ஒலி மந்தமாகும். நடுவில், எட்டாவது வரிசைக்குப் பின்னால் உட்கார். ஏ.சி. குளிரும், ஆளுக்கொரு சால்வை வேண்டும். டிசம்பர் மழையை நம்ப முடியாது, குடையும் எடுத்துக்கொள்.

தோழிகளுக்கு ரயிலிலேயே ஆதி தாளம் சொல்லிக் கொடு. உள்ளங்கையால் ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அடுத்து தட்டு, வீச்சு (உள்ளங்கையை மேலே திருப்புவது), தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. இரண்டு இடத்தில் குழம்புவார்கள். பாட்டு முதல் தட்டிலேயே தொடங்க வேண்டுமென்பதில்லை, அரை எண்ணிக்கை தள்ளியும் எடுப்பார்கள். அதனால் பாட்டைப் பார்த்துத் தாளத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, பெரிய உருப்படிகளை (பாட்டுகளை) இரண்டு களையில் பாடும்போது ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டு முறை வரும். மேடையில் பாடகர் கையைப் பார்த்துக்கொண்டே போட்டால் பிடிபட்டுவிடும்.

பாப்பா, இதை மட்டும் கட்டாயம் கேள்: தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீனுக்குப் போகாதீர்கள். பிரதான உருப்படி முடியும் தறுவாயில் மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் (அல்லது கஞ்சிராவுக்கும்) விடும் இடம் அது. மாறி மாறி வாசித்து, இரண்டு ஆவர்த்தனம் (ஒரு ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு முழுச் சுற்று), ஒன்று, அரை, கால் என்று குறைத்துக்கொண்டே வந்து இருவரும் சேர்வார்கள். மோரா என்ற முடிவுச் சொற்கட்டை வைத்து, கோர்வை என்ற கணக்குப் போட்ட தாளக் கோலத்தை மூன்று முறை வாசித்து முடிக்கும் இடத்தில் பாடகர் சரியாகப் பாட்டின் எடுப்பை, அதாவது பாட்டு தொடங்கும் இடத்தை, பிடிப்பார். விரலில் எட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நொடி உடம்பெல்லாம் சிலிர்க்கும். கதவைத் திறந்து மூடிக்கொண்டு வெளியேறுவது வாசிப்பவர்களுக்கும் அவமரியாதை.

சாப்பாட்டை அதற்கேற்ப முன்கூட்டியே முடித்துவிடு. சபா கேன்டீனில் சாப்பிட டிக்கெட் தேவையில்லை. மதிய இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குள் போய்விடு. மாலை டிபனுக்கு, இரண்டு கச்சேரிகளுக்கு நடுவில் எல்லாரும் மொய்க்கும் நேரத்தைத் தவிர்த்து மூன்றரைக்கே போ.

ஞாயிறு காலையிலேயே பைகளைச் சென்ட்ரல் பொருள் காப்பறையில் வைத்துவிடுங்கள். பூட்டுப் போட்ட பைகளைத்தான் வாங்குவார்கள், ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள். திரும்பும் மெயில் இரவு பதினொன்றுக்குள் கிளம்பிவிடும், அதனால் ஒன்பதேகாலுக்கு மேல் சபாவில் இருக்காதே. தனி ஆவர்த்தனம் முடிந்து, கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடா தொடங்கும்போது, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் எழுந்து வரலாம், தவறில்லை. சபா வாசலில் ஆட்டோவுக்கு நிற்காமல் அடுத்த சந்திப்பு வரை நடந்துபோய்ப் பிடி.

எந்த வாரம் என்று முடிவானதும் சொல்லு. நிகழ்ச்சிப் பட்டியல் வந்தவுடன் மதியக் கச்சேரிகளைப் பார்த்துக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா