மகளுக்கு, அல்லெக்ரோ பற்றி

அன்புள்ள மகளுக்கு,

இந்த வயதில் பியானோ கற்றுக்கொள்ள உட்கார்ந்தாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இசைத்தாளில் வரும் இத்தாலியச் சொற்களை எழுதி, எதிரே வேகத்தின் எண்ணையும் போட்டு நெட்டுரு போடுவதாகச் சொன்னாய் அல்லவா, அதை மட்டும் விட்டுவிடு. அல்லெக்ரோவுக்கு நிமிடத்துக்கு 120 தட்டுக்கு மேல் என்று ஒப்பித்தால் தேர்வில் மதிப்பெண் வரும். கைக்கு ஒன்றும் வராது.

எண் பிறகு வந்த சங்கதி. தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் கருவிக்கு மெல்ட்ஸெல் என்பவர் காப்புரிமை வாங்கியதே 1815-இல்தான். அதற்கு நூறு வருடத்துக்கும் முன்பே அல்லெக்ரோவும் அடாஜியோவும் இசைத்தாள்களில் இருந்தன. அன்றைக்கு ஐரோப்பா முழுக்க இத்தாலிய இசைக்காரர்களின் கைதான் ஓங்கியிருந்தது. அதனால் அவர்கள் பேச்சு எல்லோருக்கும் பொதுவானது. அல்லெக்ரோ என்றால் அவர்களுக்கு உற்சாகம். அந்தாந்தே என்றால் நடக்கிறாற்போல. நீ அதற்கு நேரே 'மெதுவாக' என்று எழுதியிருப்பாய், பந்தயம் கட்டுகிறேன். அப்படி வாசித்தால் பாட்டு தவழ ஆரம்பித்துவிடும். நிதானத்துக்கு அடாஜியோ இருக்கிறது, இன்னும் விரிந்து போக லார்கோ இருக்கிறது. அந்தாந்தே நிற்காமல் போகட்டும்.

பியானோ என்றால் மெல்ல, ஃபோர்ட்டே என்றால் பலமாக; இந்த இரண்டையும் நீ மறக்கவே முடியாது. உன் வாத்தியத்தின் முழுப்பெயரே பியானோஃபோர்ட்டேதான். அதற்கு முந்தைய ஹார்ப்சிகார்டு கம்பியை மீட்டும் வகை. கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அநேகமாக ஒரே அளவுதான். இத்தாலியின் ஃபிளாரன்ஸில் வாத்தியம் செய்துவந்த கிறிஸ்டோஃபோரி கம்பியைச் சுத்தியால் தட்டவைத்தார். 1700-ஆம் வருட அரண்மனைப் பொருள் பட்டியல் ஒன்றிலேயே, மெல்லவும் பலமாகவும் ஒலிக்கும் வாத்தியம் என்று அது பதிவாகியிருக்கிறது. விரலின் பலம் காதுக்குக் கேட்கிற வாத்தியம் கையில் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வாசித்தால் எப்படியம்மா?

க்ரெஷெண்டோ வந்தால் சத்தம்தான் ஏற வேண்டும், வேகம் இல்லை. புதிதாக வாசிப்பவர்கள் எல்லோரும் இங்கே ஓடுவார்கள், சத்தம் மட்டும் குறைய வேண்டிய டிமினுவெண்டோவில் தூங்குவார்கள். வேகம் குறைய வேண்டிய ரித்தார்தாந்தோவில் இழுத்துவிட்டு, அடுத்து 'ஆ டெம்போ' (பழைய வேகத்துக்குத் திரும்பு) என்று எழுதியிருப்பதைப் பார்க்காமல் இழுத்துக்கொண்டே போவதும் உண்டு. ஸ்டக்காட்டோ என்றதும் குத்தாதே. சுரத்தைப் பிரித்து வாசித்தால் போதும்.

பெரிய சொற்களைவிடச் சின்னச் சொற்களைக் கவனி: போக்கோ (கொஞ்சம்), மோல்ட்டோ (ரொம்ப), சூபிட்டோ (சட்டென்று). 'அல்லெக்ரோ மா நான் த்ரோப்போ'வில் சூட்சுமமெல்லாம் கடைசி மூன்றில்தான்: உற்சாகமாக, ஆனால் ரொம்ப வேண்டாம்.

எல்லாம் இத்தாலியனில்தான் இருக்கும் என்றும் நம்பாதே. இசையமைப்பாளர்களில் ஷூமன் ஜெர்மனில் எழுதுவார், டெபுஸி பிரெஞ்சில். அப்போது என்னைக் கேட்காதே, அகராதியைப் பார்.

இந்த வாரம் ஒரே ஒரு ஸ்கேல் (சுர வரிசை) போதும். மெட்ரோனோமை ஓடவிட்டு, மெல்லத் தொடங்கி ஃபோர்ட்டே வரை ஏறி இறங்கு. தாளம் பிசகாமல் வந்ததும் பதிவு செய்து அனுப்பு, கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா