குடியிருப்போர் நலச் சங்கம்: மின் செலவுக் குறைப்பும் ஏ.சி., ஹீட்டர் புதுப்பிப்பும் குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர் பெருமக்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, வீடுகளின் மின் கட்டணத்தைக் குறைக்கும் வழிகளை ஆராய்வதும், குளிரூட்டும், வெப்பமூட்டும் கருவிகளை எல்லா வீடுகளுக்கும் மொத்தமாகப் புதுப்பிக்கலாமா என்று பரிசீலித்துச் சொல்வதும் இவ்வாண்டு செயற்குழுவின் முதன்மைப் பொறுப்பாக இருந்தன. சங்கத்தின் வழக்கமான பணிகள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே இவ்வறிக்கை மின்சாரத்தை மட்டுமே பேசுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மொத்தக் கொள்முதல் திட்டத்தைச் செயற்குழு இப்போதைக்குப் பரிந்துரைக்கவில்லை. வெப்பம் எவ்வழியே நுழைகிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பதை அறியாமல் வாங்கப்படும் கருவி, அந்த வீட்டின் குறைகளுக்கும் சேர்த்து உழைக்குமே தவிர அவற்றைத் தீர்க்காது.

பணியை அளவீட்டிலிருந்து தொடங்கினோம். கட்டணச் சீட்டு மொத்த யூனிட்டைச் சொல்லும். எந்தக் கருவி எவ்வளவு எடுத்துக்கொண்டது என்று சொல்லாது. மின்னணு மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்குச் சிறுவிளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி அனைத்தையும் சற்று நேரம் அணைத்துவிட்டு, ஆறு நிமிடங்களுக்கு அந்தச் சிமிட்டல்களை எண்ணுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் உள்ள மீட்டரில் அந்த ஆறு நிமிடங்களில் 16 சிமிட்டல் வந்தால், யாரும் எதையும் பயன்படுத்தாத நேரத்திலும் அந்த வீடு 50 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஓராண்டுக்கு இது 438 யூனிட்டாகிறது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைந்த செட்-டாப் பாக்ஸ், இணைய மோடம், ஒலிபெருக்கி, கணினித் திரை போன்றவை காத்திருப்பு நிலையில் எடுத்துக்கொள்ளும் மின்சாரமே இதில் பெரும்பகுதி. காத்திருப்பு நிலை நுகர்வை ஒரு வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் முன்மொழிந்த பிறகு புதிய கருவிகள் பல திருந்திவிட்டன. பழையவற்றுக்குச் சுவிட்சை அணைப்பதுதான் வழி.

கட்டணச் சீட்டை ஒப்பிடும் முறையிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. இம்மாதச் சீட்டைச் சென்ற மாதச் சீட்டோடு ஒப்பிட்டு மகிழ்வதும் வருந்துவதும் நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. பருவம் மாறினால் நுகர்வும் மாறும். ஆகவே சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு, கணக்கெடுத்த நாட்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்று ஒப்பிடுவதே முறை. நிலைக் கட்டணம் நுகர்வைக் குறைப்பதால் குறையாது என்பதையும், நுகர்வு கூடக் கூட யூனிட் விலை ஏறும் அடுக்கு முறை உள்ள இடங்களில் நாம் மிச்சப்படுத்தும் யூனிட் எப்போதும் மேலடுக்கின் விலையுயர்ந்த யூனிட்டே என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும். சராசரி விலையால் பெருக்கிப் பார்ப்பவர், தமக்குக் கிடைக்கும் மிச்சத்தைக் குறைத்து மதிப்பிடுகிறார்.

தண்ணீர் ஏற்றும் மோட்டார்தான் மின்சாரத்தைத் தின்கிறது என்று செயற்குழுக் கூட்டங்களில் பலமுறை வாதிடப்பட்டது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆயிரம் லிட்டர் நீரை 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கோட்பாட்டளவில் 0.055 யூனிட் போதும்; மோட்டாரிலும் குழாயிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்து அதை மும்மடங்காக்கினாலும் சொற்பமே. அதே ஆயிரம் லிட்டரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 1.16 யூனிட் வேண்டும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 100 லிட்டர் நீரை 30 டிகிரி சூடேற்றினால், தொட்டியிலிருந்து கசியும் வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாமலேயே ஏறத்தாழ 3.5 யூனிட் செலவாகிறது. எனவே மோட்டாரைப் பற்றிய விவாதத்தை இத்துடன் முடித்துக்கொண்டு, வெந்நீரின் அளவையும், ஹீட்டரில் வைத்திருக்கும் வெப்பநிலையையும், குளியலறைக் குழாயின் ஓட்டத்தையும் கவனிப்பது பலன் தரும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மின்விசிறியைப் பொறுத்தவரை செலவும் பலனும் தெளிவாக இருக்கின்றன. பழைய வகைக் கூரை விசிறி முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும், மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் பொருத்திய விசிறி அதே காற்றை ஏறத்தாழ 30 வாட்டில் தருகிறது. ஆண்டுக்கு 3600 மணி நேரம் சுழலும் விசிறியில் இந்த 45 வாட் வேறுபாடு 162 யூனிட்டாகும். அதிகம் சுழலும் அறையில் மாற்றலாம். விருந்தினர் அறையில் மாற்றத் தேவையில்லை. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, அதன் கீழ் இருப்பவரின் உடலைத்தான் குளிர்விக்கிறது என்பதால், ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் யாருக்கும் பயனில்லை. ஆளிருக்கும் அறையில் அது சுழன்றால், ஏ.சி.யின் வெப்பநிலையை 2 டிகிரி உயர்த்தி வைத்தாலும் உடல் அதை உணராது.

இனி கட்டடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் உறுப்பினர்களின் கவனம் மிகக் குறைவாகச் சென்ற இடம் இதுவே. வெயிலுக்கு நேராக இருக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது உச்சி நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெப்பம் விழுகிறது. நிழலில்லாத மேற்குச் சன்னல் வழியாக மாலையில் நுழையும் வெப்பம், சிறிய ஏ.சி. ஒன்றின் திறனில் கால் பங்கை விழுங்கிவிடக்கூடும். உட்புறத் திரை இதை ஓரளவே தடுக்கும். ஒளி கண்ணாடியைக் கடந்து திரையைச் சூடாக்கிய பின் அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சன்னலுக்கு வெளியே உள்ள தட்டி, நிழற்பலகை, மரம் ஆகியவை வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே நிறுத்துகின்றன. மேல்தளத்து வீடுகளுக்குக் கூரையே முதல் எதிரி. வெள்ளைப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பும் என்றாலும், தூசி படியப் படிய அதன் பலன் குறையும் என்பதால் ஆண்டுதோறும் கழுவ வேண்டும். குளிர்காலத்தில் நமக்கு வேண்டிய வெயிலையும் அது திருப்பியனுப்பிவிடும். வெப்பத்தடுப்புப் படலமோ இரு பருவத்திலும் உதவுகிறது. ஆயினும் அதிலும் ஓர் எல்லை உண்டு. தடுப்புத் திறனை இரட்டிப்பாக்கினால் கூரை வழிக் கசிவு பாதியாகும். மும்மடங்காக்கினால் மூன்றில் ஒரு பங்காகும். அதாவது முதல் படிக்குக் கிடைத்த பலனில் மூன்றில் ஒரு பங்கே இரண்டாம் படிக்குக் கிடைக்கிறது. எனவே ஏற்கெனவே ஓரளவு தடுப்புள்ள கூரையின் மீது மேலும் மேலும் செலவிடுவதைவிட, தடுப்பே இல்லாத கூரைக்கு முதல் படலம் போடுவதே முன்னுரிமை பெற வேண்டும்.

கதவு, சன்னல் இடுக்குகளின் அருகே ஊதுபத்தியைப் பிடித்துப் புகை எங்கே வளைகிறது என்று பார்க்கும் எளிய சோதனையை உறுப்பினர் பலரும் ஆர்வத்துடன் செய்தனர். இடுக்குகளை அடைக்கும் வேலைக்குத் தொழிலாளர் தேவையில்லை. இரப்பர் பட்டையும் பொறுமையும் போதும். ஆனால் எரிவாயு, விறகு, மண்ணெண்ணெய் ஆகியவற்றால் இயங்கும் ஹீட்டரோ அடுப்போ உள்ள அறையில் காற்றோட்டத் துளையை ஒருபோதும் அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது.

இப்போது ஏ.சி.க்கு வருகிறேன். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு), அதாவது 3.517 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். அதே ஒரு டன் கருவி, செயல்திறன் எண் (எடுக்கும் மின்சாரத்தைப்போல் எத்தனை மடங்கு வெப்பத்தை வெளியேற்றுகிறது என்பது) 3 என்றால் 1.17 கிலோவாட் மின்சாரமும், 5 என்றால் 0.70 கிலோவாட்டும் எடுக்கும். வேறுபாடு 0.47 கிலோவாட். ஆண்டுக்கு முழுத் திறனில் 300 மணி நேரத்துக்கு இணையாக ஓடும் வீட்டில் மிச்சமாவது 141 யூனிட். 1500 மணி நேரம் ஓடும் வீட்டில் 703 யூனிட். ஒரே கருவி, ஒரே விலை, ஆனால் ஒரு வீட்டுக்கு இலாபமும் இன்னொரு வீட்டுக்கு வீண் செலவும் ஆகிறது. எல்லா வீட்டுக்கும் ஒன்றாக வாங்கும் யோசனையைச் செயற்குழு ஏற்காததற்கு இதுவே தலையாய காரணம்.

அளவுக்கு மீறிய டன் வாங்குவதும் தவறாகும். பெரிய கருவி அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடுவதால் காற்றின் ஈரம் நீங்குவதில்லை. குளிர்ச்சி இருந்தும் புழுக்கம் போகாது. இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் என்பதால் இக்குறை அதில் சற்றுக் குறைவு, முற்றிலும் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆண்டுதோறும் வாயு நிரப்பிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஏ.சி.யின் குளிர்பதன வாயு மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. அது எரிபொருளைப் போலத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பும் பணியாளருக்கு அடுத்த ஆண்டும் வேலை உறுதி. இது பணத்தோடு நிற்கும் சிக்கலும் அன்று. புவி வெப்பமாதல் கணக்கில் ஆர்-410ஏ வாயு கரியமில வாயுவைப்போல் 2088 மடங்கும், ஆர்-32 வாயு 675 மடங்கும் வீரியமுடையவை. ஓசோன் படலத்தைக் காக்கச் செய்யப்பட்ட 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தம், இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வழிசெய்திருக்கிறது. எனவே பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கப்போகும் கருவியில் எந்த வாயு இருக்கிறது என்று கேட்டு வாங்குவது நல்லது. புரொப்பேனான ஆர்-290 எளிதில் தீப்பற்றும், ஆர்-32 ஓரளவு தீப்பற்றும் என்பதால் பொருத்துபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும்.

குளிர்காலத்துக்கான ஹீட்டர்களில், விலையுயர்ந்தது அதிக வெப்பம் தரும் என்ற எண்ணம் வலுவாக இருக்கிறது. கம்பிச் சுருளோ, எண்ணெய் நிரப்பியதோ, பீங்கான் தகடோ, மின்தடையால் சூடாகும் எந்தக் கருவியும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். இதைத் தாண்டுவது ஹீட் பம்ப் மட்டுமே. அது வெப்பத்தை உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து எடுத்து உள்ளே சேர்ப்பதால், ஒரு யூனிட்டுக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் வரை தர முடிகிறது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1852-லேயே இக்கருத்தை முன்வைத்துவிட்டார். வெளியே 0 டிகிரி இருக்கையில் 35 டிகிரி நீருக்கு வெப்பத்தைச் சேர்ப்பதற்கான கோட்பாட்டு உச்சம் ஏறத்தாழ 8.8 மடங்கு, 55 டிகிரி நீருக்கு ஏறத்தாழ 6 மடங்கு. நடைமுறைக் கருவிகள் இதில் பாதியையே எட்டுகின்றன என்றாலும் வேறுபாடு அப்படியே நிற்கிறது. ஆகவே தேவைக்கு மேல் சூட்டை ஏற்றி வைப்பவர் ஹீட் பம்ப்பின் சிறப்பைத் தாமே வீணாக்குகிறார். ஈரமும் குளிரும் மிகுந்த நாட்களில் வெளிக்கருவியில் பனி உறைந்து, அதை உருக்கவும் மின்சாரம் செலவாகும். ஏற்கெனவே குளிர்ச்சியும் வெப்பமும் தரும் இருவழி ஏ.சி. வைத்திருப்பவர்கள், தனி ஹீட்டர் வாங்குமுன் அதன் வெப்பமூட்டும் நிலையைப் பயன்படுத்திப் பார்க்கலாம். பலர் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்லை என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

சுவரில் செருகினால் கட்டணத்தைப் பாதியாக்கும் என்று விற்கப்படும் மின்சேமிப்புப் பெட்டியைச் சங்கத்தின் வழியே வாங்கித் தருமாறு சிலர் கேட்டனர். அதனுள் இருப்பது பெரும்பாலும் ஒரு மின்தேக்கி (கெப்பாசிட்டர்). வீட்டு மீட்டர்கள் கணக்கிடுவது பயனுறு மின்னாற்றலை, அதாவது கருவிகள் உண்மையில் செலவிடும் மின்சாரத்தை. மின்தேக்கி அதைக் குறைப்பதில்லை. கோரிக்கை ஏற்கப்படவில்லை.

கருவியை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க ஒரு கணக்கு முறையைத் துணைக்குழு வகுத்துத் தந்துள்ளது. கருவி பழுதாகி எப்படியும் புதிது வாங்க வேண்டிய நிலையில், உயர்திறன் கருவிக்கும் சாதாரணக் கருவிக்கும் உள்ள விலை வேறுபாட்டை மட்டும் ஆண்டு மிச்சத்தால் வகுக்க வேண்டும். நன்றாக ஓடும் கருவியை அகற்றுவதானால் புதியதன் முழு விலையையும் வகுக்க வேண்டும். வரும் விடை கருவியின் ஆயுளை நெருங்கினால் விட்டுவிடலாம். வெப்பத்தடுப்பு, நிழல் ஆகியவற்றை முதலில் செய்து, ஒரு பருவம் அளந்து, அதன் பின்னரே டன் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பல வீடுகளுக்குச் சிறிய கருவியே போதும் என்று அப்போது தெரியவரும். பெரிய கருவி வாங்குவோர் அனுமதிக்கப்பட்ட மின்பளு, கம்பியின் தடிமன், நில இணைப்பு ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சரிபார்க்காமல் பொருத்தக் கூடாது.

மொத்தக் கொள்முதலுக்கு விலைப்புள்ளி தந்த நிறுவனம் ஒன்று, எந்த வீட்டையும் பார்வையிடாமல் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவைக் குறித்திருந்தது. அதைச் செயற்குழு திருப்பியனுப்பியது.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் தீர்மானங்களாவன: கருவிகளின் நுகர்வை அளக்கும் செருகு மீட்டர்களைச் சங்கச் செலவில் வாங்கி, உறுப்பினர்களுக்கு ஒரு வாரத் தவணையில் இரவல் தருவது, மேல்தளக் கூரைகளுக்கான வெப்பத்தடுப்புப் பணிக்கு, நேரில் பார்வையிட்டுத் தரும் விலைப்புள்ளிகளை மட்டும் பெறுவது, கருவி மாற்றத்தை அந்தந்த வீட்டின் முடிவுக்கே விட்டு, விரும்புவோருக்குத் துணைக்குழுவின் மூலம் கணக்கிட்டுத் தருவது. இத்தீர்மானங்களோடு இவ்வறிக்கையையும் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்