‘உறுதியான லெஜண்டரி’ என்று சொல்லி, என்னிடம் இருந்த கார்டையே டூப்ளிகேட்டாகக் கொடுத்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
சீசன் பாஸ் வாங்கி விளையாடும் வாடிக்கையாளர்
(கணக்கு விவரமும் பணம் கட்டிய ரசீதும் இணைப்பில்)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
மொபைல் கார்டு விளையாட்டு நிறுவனம், இந்தியப் பிரிவு

பொருள்: சீசன் முடிவுப் பரிசாக, ஏற்கெனவே என்னிடம் இருக்கும் லெஜண்டரி (மிக அரிய வகை) கார்டே மறுபடி வந்ததும், அதைக் கால் விலைக்கு உடைத்துக்கொள்ளச் சொன்னதும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் விளையாட்டு வெளிவந்த ஆண்டிலிருந்தே அதை ஆடி வருகிறேன். சீசன் பாஸையும் தவறாமல் வாங்குகிறேன். சென்ற சீசன் தொடங்கியபோது, பாஸ் வைத்திருப்பவர்கள் டயமண்ட் ரேங்கை எட்டினால் ‘உறுதியான ஒரு லெஜண்டரி கார்டு’ பரிசு என்று முகப்புத் திரையிலேயே பெரிதாகப் போட்டிருந்தீர்கள். வேலை முடிந்து வந்து, தூக்கத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒருவழியாக அந்த ரேங்கைத் தொட்டேன். சீசன் முடிந்த இரவு பரிசுப் பெட்டியும் வந்துவிட்டது.

பெட்டியைத் தட்டியதும் திரை இருண்டது. கவிழ்ந்து கிடந்த கார்டைச் சுற்றி முதலில் நீல ஒளி வந்தது. அது ஊதாவாகி, பிறகு ஆரஞ்சு நிறமானது. போன் ஒருமுறை அதிர்ந்தது. லெஜண்டரி வந்தால் மட்டும்தான் அந்த அதிர்வு என்பது உங்கள் விளையாட்டை ஆடுகிற எல்லோருக்கும் தெரியும். கார்டு திரும்பியது. நான்கு கைப் பாறைப் பூதம்! என்னிடம் எப்போதோ வந்துசேர்ந்த, ஒரு டெக்கில் (ஆட்டத்துக்கு எடுத்துச்செல்லும் கார்டுக் கட்டில்) ஒன்றுக்கு மேல் வைக்கவே முடியாத, அதே பூதம். ‘புதியது’ என்று பட்டை வரவேண்டிய மூலை வெறுமையாக இருந்தது. அடியில் பொடி எழுத்தில் ‘400 டஸ்ட்டாக மாற்றலாம்’ என்று ஒரு வரி. டஸ்ட் என்பது கார்டை உடைத்தால் கிடைக்கும் பொடி. அதைச் செலவழித்து வேண்டிய கார்டை உருவாக்குவதுதான் கிராஃப்ட். லெஜண்டரி ஒன்றை கிராஃப்ட் செய்ய 1,600 டஸ்ட் வேண்டும். அப்படியென்றால் எனக்குக் கிடைத்தது கால் லெஜண்டரி.

சப்போர்ட்டுக்கு எழுதினேன். ‘பரிசுகள் ரேண்டமாக வழங்கப்படுகின்றன. உங்கள் புரிதலுக்கு நன்றி’ என்று பதில் வந்தது. நான் எதையும் புரிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் டிக்கெட்டையும் மூடிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ரேண்டம் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எதிலிருந்து ரேண்டமாக எடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இந்தத் தொகுப்பில் மொத்தம் 20 லெஜண்டரிகள். என்னிடம் 15 இருந்தன. நீங்கள் இருபதிலிருந்தும் ஒன்றை எடுத்தால், நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு எனக்கு டூப்ளிகேட் வருவதற்குத்தான். நேற்று கணக்குத் தொடங்கிய ஒருவர் இதே ரேங்கை எட்டினால் அவருக்கு எது வந்தாலும் புதிய கார்டு. ஆக ஒரே பரிசு, ஒரே உழைப்பு, ஒரே பாஸ் கட்டணம். அவருக்கு முழு கார்டு, எனக்குப் பெரும்பாலும் கால் கார்டு. உங்களிடம் அதிக நாள் இருந்து, அதிகம் சேர்த்தவருக்குத்தான் இந்தப் பரிசின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது. மாதாமாதம் ‘எங்கள் விசுவாசமான வீரர்களுக்கு’ என்று தொடங்கி அறிவிப்பு போடுகிறீர்களே, அவர்களுக்கு நடப்பது இது.

இதைக் கணக்காகவும் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் டிசைனர்களுக்கு இது புதிதாக இருக்காது. 20 கார்டுகளும் சம வாய்ப்பில் வருகின்றன, டூப்ளிகேட்டுக்குத் தடை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து வெவ்வேறு கார்டுகள் சேர சராசரியாக 13 அல்லது 14 லெஜண்டரி விழுந்தால் போதும். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் தோன்றும், புதிய வீரர் குறை சொல்ல மாட்டார். ஆனால் இருபதும் சேர சராசரியாக 72 லெஜண்டரி வேண்டும். அந்தக் கடைசி ஒரு கார்டுக்காக மட்டுமே சராசரியாக 20 தேவை. உங்கள் பக்கத்தில் போட்டிருக்கும் விகிதப்படி ஒரு பேக்கில் (கடையில் வாங்கும் கார்டு உறையில்) லெஜண்டரி வரும் வாய்ப்பு 5 சதவீதம், அதாவது இருபது பேக்குக்கு ஒன்று. 72 லெஜண்டரிக்கு 1,440 பேக். டூப்ளிகேட்டைத் தடுத்தால் அதே தொகுப்பை 400 பேக்கில் முடித்துவிடலாம்.

டஸ்ட் இருக்கிறதே என்பீர்கள். சரி, அதையும் சேர்த்துப் பார்த்தேன். டூப்ளிகேட் லெஜண்டரிகளை எல்லாம் உடைத்து, அந்த டஸ்ட்டில் விடுபட்டவற்றை கிராஃப்ட் செய்தாலும் சுமார் 32 லெஜண்டரி விழ வேண்டும். இருபதுக்கு மேல் பன்னிரண்டு, அதாவது கூடுதலாக 240 பேக். கடையில் உங்கள் பேக் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும், நான் பெருக்கிக் காட்டத் தேவையில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். 400க்கு உடைப்பு, 1,600க்கு கிராஃப்ட், ஒரு டெக்கில் 30 கார்டு, லெஜண்டரி ஒன்றே ஒன்று. இவை 2014இல் வெளிவந்த ஹார்த்ஸ்டோன் என்ற கார்டு விளையாட்டின் விதிகள். அங்கிருந்து எடுத்ததில் தவறில்லை. இந்த வகை விளையாட்டுகள் பலவும் அந்த வழியில்தான் வந்தன. ஆனால் அந்த விளையாட்டில் 2017 ஆகஸ்டிலேயே ஒரு தொகுப்பின் லெஜண்டரிகள் எல்லாம் சேரும்வரை பேக்கில் டூப்ளிகேட் லெஜண்டரி வராது என்று மாற்றிவிட்டார்கள். 2020 மார்ச்சில் அதே பாதுகாப்பை காமன், ரேர், எபிக் என எல்லா வகைக்கும் நீட்டித்தார்கள். மேஜிக் அரீனா என்ற இன்னொரு கார்டு விளையாட்டில் 2019 முதல், நான்கு பிரதி (ஒரு டெக்கில் வைக்கக்கூடிய உச்ச அளவு) ஏற்கெனவே இருக்கும் ரேர் கார்டு மறுபடி பேக்கில் வருவதில்லை. அந்தத் தொகுப்பின் ரேர் கார்டுகள் முழுவதும் சேர்ந்துவிட்டால் பதிலுக்கு ஜெம் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம்) கொடுக்கிறார்கள். நீங்கள் பழைய விலைப்பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வந்த திருத்தத்தை விட்டுவிட்டீர்கள். தொழில்நுட்பம் இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல வழியில்லை, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் உதவிப் பக்கத்தில் ‘அரிய கார்டுகளின் மதிப்பைக் காப்பதற்காக’ என்று ஒரு காரணம் எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு என்ன மதிப்பு? நாங்கள் பள்ளியில் படித்தபோது பபிள்கம்முடன் கிரிக்கெட் கார்டு வரும். டெண்டுல்கர் இரண்டு வந்துவிட்டால் யாரும் அழவில்லை. ஒன்றைப் பக்கத்து பெஞ்சில் கொடுத்து கும்ப்ளேவை வாங்கிக்கொள்வோம். காகித கார்டில் டூப்ளிகேட் என்பது கையில் இருக்கும் காசு மாதிரி. உங்கள் விளையாட்டில் கார்டை விற்க முடியாது, மாற்றிக்கொள்ள முடியாது, தம்பிக்குக் கொடுக்கவும் முடியாது. கைமாறவே முடியாத ஒன்றுக்குச் சந்தை மதிப்பு எங்கிருந்து வரும்? அச்சகம் இல்லை, காகிதத் தட்டுப்பாடு இல்லை. பற்றாக்குறை என்பது உங்கள் சர்வரில் ஒருவர் தட்டிவைத்த ஓர் எண். அதைக் காக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, உங்கள் கடைக்கு இருக்கலாம்.

அரிய கார்டுகள் அரிதாகவே இருக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. எல்லோரும் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே சேர்த்துவிட்டால் லேடரில் (தரவரிசை ஆட்டங்களில்) எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே டெக்கைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இல்லாத கார்டை வைத்துக்கொண்டு சமாளிப்பதில்தான் பாதி சுவாரசியம். ஆனால் அரிது என்பது மெதுவாகக் கிடைக்க வேண்டும் என்ற அர்த்தத்தில் இருக்கட்டும். கிடைத்ததையே திரும்பத் திரும்பக் கொடுப்பது வேறு விஷயம்.

(மாற்றிக்கொள்ளும் வசதி கொண்டுவருவதாகப் போன வருடம் ஒரு நேரலையில் சொன்னீர்கள். கொண்டுவந்தால் போகிமான் பாக்கெட் என்ற கார்டு விளையாட்டில் நடந்ததைப் பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். 2025 ஜனவரியில் அங்கே கார்டு பரிமாற்றம் வந்தது. ஆனால் மாற்றுவதற்கான டோக்கன் வேண்டுமென்றால் மற்ற கார்டுகளை அழிக்க வேண்டும். வீரர்கள் கொதித்தார்கள், அந்த ஆண்டிலேயே டோக்கன் முறையைக் கைவிட வேண்டியதாயிற்று.)

அடுத்து, நிகழ்தகவு வெளியீடு பற்றி. ‘எங்கள் விகிதங்கள் எல்லாம் வெளிப்படையாக உள்ளன’ என்று சப்போர்ட் எனக்கு ஒரு இணைப்பை அனுப்பியது. 2017 டிசம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த விதிப்படி, பணம் வாங்கிக்கொண்டு ரேண்டமாகப் பொருள் தரும் செயலிகள் ஒவ்வொரு வகைப் பொருளுக்குமான வாய்ப்பை, வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள்: காமன் இவ்வளவு, ரேர் இவ்வளவு, லெஜண்டரி 5 சதவீதம். ‘வகை’ அளவில் அது சரிதான். ஆனால் எனக்கு வேண்டிய எண் அங்கே இல்லை. இன்று, என் கணக்கில், புதிய லெஜண்டரி வர என்ன வாய்ப்பு? உங்கள் சர்வருக்கு என்னிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று துல்லியமாகத் தெரியும். இல்லாவிட்டால் ‘புதியது’ பட்டையை எப்படிப் போடுகிறது? தெரிந்த விஷயத்தைச் சொல்வதில் என்ன தயக்கம்? தவிர, சீசன் பரிசுப் பெட்டிக்கு விகிதமே போடவில்லை, அது ‘இலவசம்’ என்பதால். பாஸ் வாங்கியவருக்கு மட்டும் திறக்கும் பெட்டி எப்படி இலவசமாகும்?

இந்த விஷயத்தில் நிறுவனங்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய காலம் இது. 2024 ஜனவரியில் தென் கொரியாவின் நியாய வணிக ஆணையம் நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வான் அபராதம் விதித்தது. அதன் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் பணம் கொடுத்து வாங்கும் கியூப் என்ற ரேண்டம் பொருளின் நிகழ்தகவை வீரர்களுக்குச் சொல்லாமல் மாற்றியதற்காக. நீங்கள் விகிதத்தை மாற்றியதாக நான் சொல்லவில்லை. பேசாமல் விடுவதும் கணக்கில் வரும் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்த சீசனில் புதிதாக ஒரு ‘குல நிறைவு’ பரிசும் தொடங்கியிருக்கிறீர்கள். ஒரு குலத்தின் கார்டுகள் எல்லாம் பேக்கில் கிடைத்து முழுமையடைந்தால்தான் சிறப்புக் கார்டு. ஜப்பானில் இதற்கு ‘காம்ப்பு காச்சா’ என்று பெயர். பணம் கட்டி ரேண்டமாக எடுத்ததை வைத்து ஒரு தொகுப்பை நிரப்பச் சொல்லும் இந்த முறை சட்டவிரோதம் என்று 2012இல் அந்நாட்டு நுகர்வோர் முகமை அறிவித்துவிட்டது. டூப்ளிகேட் தடுப்பு இல்லாத இடத்தில் இதையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை மேலே போட்ட கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது அதிகம் இல்லை. அந்தப் பாறைப் பூதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, என்னிடம் இல்லாத ஐந்து லெஜண்டரிகளில் ஒன்றைக் கொடுங்கள். எது என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. முடியாது என்றால் 1,600 டஸ்ட் கொடுங்கள், நானே கிராஃப்ட் செய்துகொள்கிறேன். அப்புறம், ‘உறுதியான’ என்ற சொல்லோடு தரும் எந்தப் பரிசிலும் வீரரிடம் இருக்கும் கார்டை விலக்கிவிட்டு எடுங்கள். எல்லாமே இருப்பவருக்கு முழு கிராஃப்ட் விலையைக் கொடுங்கள். கடையில் வாங்கும் பேக்கில் வரும் டூப்ளிகேட் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, ஆனால் அதை இந்தப் புகாரில் சேர்க்கவில்லை. இது எதையும் செய்ய மாட்டீர்கள் என்றால், அடுத்த சீசன் விளம்பரத்தில் ‘ஒரு லெஜண்டரி, அல்லது 400 டஸ்ட்’ என்று அதே பெரிய எழுத்தில் போடுங்கள். பாஸ் வாங்குவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தானியங்கிப் பதிலை ஒப்புகையாக எடுத்துக்கொள்கிறேன், தீர்வாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மாதத்துக்குள் மனிதர் ஒருவர் எழுதிய பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற அடிப்படையில் நுகர்வோர் ஆணையத்துக்கும் கொண்டுபோவேன். முகப்புத் திரை விளம்பரத்தை சீசன் முடிந்ததும் நீக்கிவிட்டீர்கள். அதன் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சீசன் பாஸ் ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பரிசுப் பெட்டி திறந்தபோது எடுத்த திரைப்பதிவு, மூடப்பட்ட சப்போர்ட் டிக்கெட்டின் நகல்.