ஜக்கெட் போடாமல் பனிக்குள் போன மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, பாணை நிற்பாட்டச் சொன்னால் கேட்கிறாள் இல்லை. வெள்ளவத்தையில் நாலு நாளாக மழை. மேல்வீட்டுக் குழாய் ஒழுக்கு, சரி, அதை எழுத இருக்கவில்லை.

போன ஞாயிறு பிள்ளைகளின் டேப்லெட்டில் கதைத்துக்கொண்டிருக்கும்போது உன் போன் அடித்தது. ஜக்கெட் கூடப் போடாமல் பனிக்குள் இறங்கிப் போனாய். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீ சிரித்துச் சிரித்துக் கதைத்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மருமகள் என்னிடம் "சாப்பிட்டீங்களா மாமா" என்று மூன்றாம் தரம் கேட்டாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. வேலை விஷயமாக இருக்கும். வேளைக்கு வீட்டுக்குப் போ, சாப்பிடும்போது போனைத் தூர வை, அவ்வளவுதான்.

கோயிலில் யாராவது விசாரித்தால், ஸ்காபரோவில் சொந்த வீடு, இரண்டு தங்கச்சிமாரையும் கரைசேர்த்தவன் என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொல்வேன். அப்படிப்பட்ட நீ சித்தப்பாவிடம், "42 வயதாகிறது, எனக்கென்று ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்தேனா" என்று கேட்டாயாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அதே கேள்வியை அதே வயதில் நானும் கேட்டேன். என்னிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

1996 ஜனவரி 31, கொழும்புக் கோட்டையில் மத்திய வங்கிக் குண்டு. அன்று கோட்டையில் நான் காயக்காரரைத் தூக்கி லொறியில் ஏற்றினேன் என்று நீ பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாயே, அந்தச் சான்றிதழ் இன்னும் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிறது. தம்பி, நான் அன்று கோட்டையிலேயே இல்லை. லீவு போட்டுவிட்டு, கந்தோரில் கூட வேலை செய்த ஒருவரோடு கல்கிசைக் கடற்கரையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருக்கவில்லை என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். இருபது வயதுக்காரன் மாதிரி இருந்தேன்.

அந்த நேரம் அம்மா, தமிழ் என்று தெரியாமலிருக்கப் பொட்டை அழித்துவிட்டு, பஸ் மறித்த இடத்தில் இறங்கி, கொள்ளுப்பிட்டியிலிருந்து நடந்தே போயிருக்கிறாள். கோட்டைக்குள் விடவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்திருக்கிறாள். 90 பேருக்கு மேல் செத்த நாள். துணி மூடினதையும் விலக்கிப் பார்த்தாள் என்று உன் பெரியம்மா பிறகு சொன்னா. அம்மா என்னிடம் சொன்னதேயில்லை.

நான் பின்னேரம் வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குள் வந்தேன். நீ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாய். வாயில் வந்த கதையைச் சொன்னேன். அடுத்த நாள் காற்சட்டை மடிப்பிலிருந்து கடல் மணலைத் தட்டிவிட்டுத்தான் அம்மா அதை ஊறவைத்தாள். கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுவரை ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன், அதையும் அவள் தலையிலேயே போடுகிறேன் பார்.

அந்த ஆள் இரண்டு மாதத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டா. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வேளைக்கு வீட்டுக்குப் போ. வெளியே போனால் ஜக்கெட்டைப் போடு.

ஞாயிறு எடுக்கும்போது இதைப் பற்றி வாய் திறக்காதே, அம்மா பக்கத்தில் இருப்பாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள், குழாய் ஒழுக்கைப் பற்றி என்றேன்.

அப்பா