பீலிக்கு மேலே இருக்கும் காடு: இலங்கை மலையகப் பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் நாங்கள் போட்ட வாக்கில்தான் நீங்கள் சபைக்குள் போயிருக்கிறீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு, ஊற்றிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீர்தான். பீலிக்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே கொஞ்சம் காடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாசி, பங்குனியிலும் குடம் சீக்கிரம் நிறைந்துவிடும். அப்புறம் ஒரு வருடம் அந்தக் காட்டில் பாதியை வெட்டி லொறியில் ஏற்றினார்கள். அடுத்த கோடையில் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கே குடத்தோடு வரிசையில் நின்றார். கேட்கப் போனோம். மரம் கம்பனிக் கணக்கு என்றார்கள் ஓரிடத்தில். தோட்டக் காணி, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள் இன்னோரிடத்தில். மூன்றாவது இடமான பிரதேச சபையில், தோட்டத்துக்குள் வேலை செய்ய எங்களுக்குச் சட்டம் இல்லை என்றார்கள்.

அந்த மூன்றாவது பதிலில் உண்மை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, சபைப் பணம் லயங்களுக்கு வர இடம் வைக்கவில்லை. வாக்கு மட்டும் எங்களிடம் வாங்கிக்கொண்டார்கள். அதைத் திருத்த 2018 வரை, 31 வருடங்கள் ஆயின. அதே ஆண்டில்தான் நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலை என்று புதிய சபைகளும் இயங்கத் தொடங்கின. பெரிய வெற்றி அது, நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கைக்கு எது வந்தது என்று பாருங்கள். பாதை, விளக்கு, குழாய். நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது, குத்தகை 53 வருடம். வனத் திணைக்களம் மத்திய அரசின் கீழ். குழாய் போடும் அதிகாரம் கீழே வந்துவிட்டது, ஊற்றைக் காக்கும் அதிகாரம் வரவில்லை. ஊற்று வற்றினால் அந்தக் குழாயில் எது வரும்?

கோப்பிக்கும் தேயிலைக்குமாக வெள்ளைக்காரன் அழித்ததில் மிஞ்சியதுதான் தோட்டங்களுக்குள் மலை உச்சியிலும் ஓடைக்கரையிலும் நிற்கும் இந்தச் சிறு காடுகள். சிவனொளிபாதமலைக் காட்டுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் 2010இல் உலக மரபுரிமைத் தகுதி கிடைத்தது. லயத்துக்கு மேலே நிற்கும் இரண்டு ஏக்கருக்கு எந்தத் தகுதியும் இல்லை. எங்களுக்குத் தண்ணீர் தருவது அந்த இரண்டு ஏக்கர்.

அதிகாரம் இல்லை என்று கைவிரிக்காதீர்கள். சபையில் சுற்றாடல் குழு அமைக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் எந்த ஊற்று எந்த லயத்துக்குப் போகிறது என்று எழுதி வையுங்கள். மரம் வெட்டப் போகிறோம் என்று முன்கூட்டியே சபைக்குச் சொல்லும்படி தோட்ட நிர்வாகங்களிடம் கேளுங்கள். தீர்மானம் போட்டு மாகாணத்துக்கும் கொழும்புக்கும் அனுப்புங்கள், பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த மரம் போனபின் எந்த ஓடை நின்றது என்று அவர்கள் விரல் மடக்கிச் சொல்வார்கள்.

ஒரு தடவை எங்கள் பீலிக்கரைக்கு வாருங்கள். பங்குனியில், விடிவதற்கு முன்னால் வாருங்கள். மழைக்காலத்தில் வந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்