நீலக்கதிர் வட்டுகள்: வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் மே மாத இறுதிக்குப் பிறகு தன் உயர்தெளிவுப் படங்களை ப்ளூ-ரே எனும் புதுவகை வட்டில் மட்டுமே வெளியிடப்போவதாக ஹாலிவுட் படநிறுவனமான வார்னர் இம்மாதம் (ஜனவரி 2008) 4-ஆம் தேதி அறிவித்ததும், தோஷிபா அதற்குப் போட்டியான எச்டி டிவிடி வட்டுக்குரிய தனது பிளேயர்களின் விலையை அமெரிக்காவில் வெகுவாகக் குறைத்ததும், இக்கருவிகளைப் பற்றிய பேச்சை மதுரையிலும் கிளப்பிவிட்டிருக்கின்றன. பொங்கலுக்கு வந்து திரும்பும் சிங்கப்பூர், துபாய் உறவினர்களிடம், அடுத்த முறை ஒரு பிளேயர் வாங்கி வரும்படி சொல்லி அனுப்ப நினைப்போர் சிலர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அந்த யோசனை எழுந்தது; இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இரு வட்டுகளையும் படிப்பது 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒரே வகை நீல ஊதா லேசர்தான். ஆனால் ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்திலும், எச்டி டிவிடியில் 0.6 மி.மீ. ஆழத்திலும் இருப்பதால் ஒன்றுக்கான கருவியில் மற்றது ஓடாது. ஈரடுக்கு வட்டில் முன்னது 50 ஜிபியும் பின்னது 30 ஜிபியும் கொள்ளும். இருந்தும் இரண்டுமே 1080 வரிகள் கொண்ட படத்தைத் தருவதால், பார்க்கிறவர் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியப்போவதில்லை. போட்டியெல்லாம் எந்தப் படநிறுவனம் எந்தப் பக்கம் என்பதில்தான். ப்ளூ-ரே பக்கம் இருக்கும் சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ஆகியவற்றுடன் வார்னரும் சேர்ந்த பிறகு, பாராமவுண்டையும் யுனிவர்சலையும் மட்டும் நம்பி எச்டி டிவிடி நெடுநாள் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. விலை குறைகிறது என்பதற்காக அதை வாங்குவது வீண்செலவு.

அப்படியானால் ப்ளூ-ரே வாங்கலாமே என்பார்கள். அங்கேதான் நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் இருக்கிறது. ப்ளூ-ரே உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது: சிங்கப்பூர் ‘ஏ’, வளைகுடா நாடுகள் ‘பி’, இந்தியா ‘சி’. மண்டலக் குறியீடு இடப்பட்ட வட்டு வேறு மண்டலக் கருவியில் ஓடாது. எல்லா வட்டுகளிலும் அக்குறியீடு இல்லை என்றாலும் பலவற்றில் உண்டு. எனவே சிங்கப்பூரில் வாங்கிய பிளேயரில், இங்கே விற்பனைக்கு வரும் வட்டு ஓடாமல் போகக்கூடும். துபாயிலிருந்து மாமா அனுப்பும் வட்டும் அதில் ஓடாமல் போகலாம். டிவிடி பிளேயர்களில் கடைக்காரரே ரிமோட்டில் ஏதோ எண்களை அழுத்தி எல்லா மண்டல வட்டுகளையும் ஓட வைத்துவிடுவார் என்று பழகிப்போன நமக்கு இது புதிது.

வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில், எந்த வகை கேசட் கடைகளில் கிடைத்ததோ அதற்கேற்ற டெக்கையே மக்கள் வாங்கினார்கள். இன்று டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் நான் விசாரித்த கடைகளில் இந்த இரு வடிவங்களிலும் தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. அடுக்கி வைத்திருப்பதெல்லாம் விசிடியும் டிவிடியும்தான். போதாக்குறைக்கு நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது பழைய பிக்சர் டியூப் டிவி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களில் அதனோடு இணைத்தால் எந்த உயர்தர வட்டும் சாதாரணத் தெளிவிலேயே தெரியும். கையில் பணம் இருப்பவர்கள் முதலில் நல்ல எல்சிடி டிவி ஒன்றை வாங்கி, எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் ஒரே ஒயரில் டிஜிட்டலாக அனுப்பும் இணைப்பு) வசதியுள்ள டிவிடி பிளேயரை அதில் இணைத்துக்கொண்டால் இருக்கிற வட்டுகளே இன்னும் நன்றாகத் தெரியும். நாங்களும் அதைத்தான் செய்யவிருக்கிறோம்.

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ப்ளூ-ரே பிளேயரை விற்கும்போது அது எந்த மண்டலத்துக்குரியது என்பதையும், வாடிக்கையாளரின் டிவியில் அதன் முழுத் தெளிவு கிடைக்குமா என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லி, மண்டலத்தை ரசீதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோ.புதூர், மதுரை.
20.1.2008